விழும் பொருளில் ஈர்ப்பு எவ்வளவு, காற்று எவ்வளவு? வீட்டிலேயே பிரித்துப் பார்ப்பது எப்படி

ஒரு தடித்த புத்தகத்தையும் அதைவிடக் கொஞ்சம் சின்னதாக வெட்டிய ஒரு தாளையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் தோள் உயரத்தில் பிடித்து ஒரே நேரத்தில் விட்டால் புத்தகம் பொத்தென்று விழும், தாள் அலைந்து அலைந்து இறங்கும். இது எல்லோரும் பார்த்ததுதான். இப்போது அதே தாளைப் புத்தகத்தின் மேல் படுக்க வைத்து, புத்தகத்தை மட்டும் கிடையாகப் பிடித்து விடுங்கள். தாள் ஒட்டிவைத்ததுபோலத் தரை வரைக்கும் கூடவே வரும். தாளின் எடை மாறவில்லை, பூமி அதை இழுக்கும் அளவும் மாறவில்லை. அதன் வழியில் இருந்த காற்றைப் புத்தகம் விலக்கிக்கொண்டு போய்விட்டது, அவ்வளவுதான்.

புத்தகத்தின் பின்னால் சுழலும் காற்றுதான் தாளை இழுத்து வருகிறதோ என்று சந்தேகம் வரலாம். நல்ல சந்தேகம், அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. அதனால் மூன்றாவதாக ஒன்றைச் செய்யுங்கள்: தாளை நன்றாகக் கசக்கி இறுக்கமான உருண்டையாக்கி, புத்தகத்துக்குப் பக்கத்தில் தனியாக விடுங்கள். இப்போது கிட்டத்தட்ட ஒன்றாக விழும். அதே தாள், அதே எடை, ஆனால் காற்றுக்குக் காட்டும் முகம் மட்டும் சின்னதாகிவிட்டது.

'கனமானது சீக்கிரம் விழும்' என்று நம் மனதில் ஊறிப்போயிருப்பதற்குக் காரணம் ஈர்ப்பு கிடையாது, காற்றுதான். ஈர்ப்பு எல்லாப் பொருளையும் ஒரே மாதிரி முடுக்குகிறது. காற்றுதான் ஆள் பார்த்து நடத்துகிறது. இந்த இரண்டையும் தனித்தனியாக அளந்து பார்க்கக் கற்றுக்கொண்டால் மழைத்துளி முதல் பாராசூட் வரைக்கும் எல்லாம் ஒரே கணக்காகத் தெரியும். ஃபோன் கேமரா, அளவு நாடா, தாள், கத்தரிக்கோல், ஒட்டும் டேப், நூல், இரும்பு நட்டுகள், ஒன்றிரண்டு பந்து, இவை போதும்.

முதலில் ஈர்ப்பை மட்டும் பார்ப்போம்

ஒரே மாதிரி இரண்டு சின்ன பிளாஸ்டிக் பாட்டில்களில் ஒன்றை முழுக்கத் தண்ணீரால் நிரப்புங்கள், இன்னொன்றில் பாதி மட்டும். 2 மீட்டர் உயரத்திலிருந்து (ஒரு ஸ்டூல் மேல் நின்றால் போதும்) ஒரு பழைய மெத்தை மேல் இரண்டையும் சேர்த்து விடுங்கள். ஒரே சத்தம்தான் கேட்கும். முழு பாட்டிலைப் பூமி இரண்டு மடங்கு இழுக்கிறது, உண்மைதான். ஆனால் அதை நகர்த்துவதும் இரண்டு மடங்கு கஷ்டம். இழுப்பு எவ்வளவு கூடுகிறதோ அதே அளவு நிலைமமும் கூடுவதால் முடுக்கம் மாறுவதே இல்லை. 1586-இல் சைமன் ஸ்டெவின் என்ற டச்சு அறிஞர் வெளியிட்ட சோதனையும் இதுதான்: ஒன்றைவிட இன்னொன்று பத்து மடங்கு கனமான இரண்டு ஈயக் குண்டுகளைச் சுமார் 30 அடி உயரத்திலிருந்து ஒரு பலகை மேல் போட்டார், இரண்டு சத்தமும் ஒன்றாகவே கேட்டது. அவரும் காதைத்தான் நம்பினார். இந்த மாதிரி சோதனைக்குக் கண்ணைவிடக் காது நல்ல கருவி.

காதால் செய்யும் இன்னொன்று, எனக்கு மிகப் பிடித்தது. இரண்டு மீட்டர் நூலின் அடிமுனையில் ஒரு நட்டைக் கட்டுங்கள். அங்கிருந்து மேல்நோக்கி அளந்து 10, 40, 90, 160 சென்டிமீட்டரில் ஒவ்வொரு நட்டு. கீழே ஒரு தகரத் தட்டைக் கவிழ்த்து வைத்து, அடி நட்டு தட்டைத் தொடும்படி நூலை நேராகத் தொங்கவிட்டு, மேல்முனையை விடுங்கள். நட்டுகளுக்கு இடையே இருக்கும் தூரம் மேலே போகப்போக விரிந்துகொண்டே போனாலும் தட்டில் கேட்கும் தாளம் சீராக இருக்கும், சுமார் ஏழில் ஒரு வினாடிக்கு ஒரு 'டிங்'. அடுத்து நட்டுகளைச் சம தூரத்தில் கட்டி விட்டுப் பாருங்கள், தாளம் ஓட்டம் பிடிக்கும். விழும் தூரம் நேரத்தின் வர்க்கமாகக் கூடுகிறது என்பதைச் சூத்திரத்தில் பத்து தடவை படிப்பதைவிட இதை ஒரு தடவை கேட்பது மேல். ஒவ்வொரு சம இடைவெளியிலும் விழும் தூரம் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் போகும். சாய்ந்த பலகையில் குண்டு உருட்டி, வழியும் தண்ணீரை எடைபோட்டு நேரம் கணித்த கலிலியோ கண்டுபிடித்த விகிதம் இது. அவர் 1638-இல் வெளியிட்ட நூலில் இருக்கிறது.

சரி, எண் வேண்டும். கொஞ்சம் கனமான பந்து ஒன்றை எடுங்கள், டென்னிஸ் பந்து நன்றாக வேலை செய்யும். சுவரில் 2 மீட்டர் உயரத்தில் ஒரு டேப் துண்டு ஒட்டி, பந்தின் அடிப்பாகம் அந்தக் கோட்டில் இருக்கும்படி பிடித்து, ஃபோனை ஸ்லோ மோஷனில் வைத்து எடுங்கள். ஃபோன் கையில் இருக்கக் கூடாது, எதன்மீதாவது சாய்த்து வையுங்கள். பிறகு வீடியோவை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி, பந்து கையை விட்ட ஃபிரேமிலிருந்து தரையைத் தொட்ட ஃபிரேம் வரை எண்ணுங்கள். வினாடிக்கு 240 ஃபிரேம் என்றால் சுமார் 153 வரும், அதாவது 0.64 வினாடி. உயரத்தை இரண்டால் பெருக்கி, நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 9.8-க்குப் பக்கத்தில் ஓர் எண் கிடைக்கும். அதுதான் ஈர்ப்பு முடுக்கம்: ஒவ்வொரு வினாடியும் வேகம் வினாடிக்கு 9.8 மீட்டர் கூடுகிறது. நிலநடுக்கோட்டில் 9.78, துருவங்களில் 9.83, ஆக எங்கே செய்தாலும் வீட்டு அளவீட்டில் வித்தியாசம் தெரியாது.

ஸ்டாப்வாட்ச்சை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். விரல் அழுத்தத் தாமதமாகும் நேரமே கிட்டத்தட்ட 0.2 வினாடி, விழுவதோ 0.64 வினாடி, எப்படிச் சரியாக வரும்? சாதாரண 30 ஃபிரேம் வீடியோவும் சுமார்தான். ஒரு ஃபிரேம் தவறினாலே விடை பத்து சதவீதம் மாறிவிடும். 240-இல் ஒரு ஃபிரேம் தவறினால் ஒன்றரை சதவீதத்துக்குள் அடங்கிவிடும். ஸ்லோ மோஷன் இல்லாத ஃபோன் என்றால் ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் ஃபைபாக்ஸ் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். அதில் ஒலியால் இயங்கும் ஸ்டாப்வாட்ச் இருக்கிறது, ஒரு சத்தத்தில் தொடங்கி அடுத்த சத்தத்தில் நிற்கும். மேசை விளிம்புக்கு வெளியே நீட்டிய ஸ்கேல் மேல் பந்தை வைத்து, ஸ்கேலைப் பக்கவாட்டில் 'டக்'கென்று தட்டி விலக்கினால் அது முதல் சத்தம், பந்து தரையில் விழுவது இரண்டாவது.

இப்போது காற்றை உள்ளே விடுவோம்

அதே 2 மீட்டர், அதே கேமரா, ஆனால் டேபிள் டென்னிஸ் பந்து. இந்த முறை சுமார் 160 ஃபிரேம் வரும். கணக்குப் போட்டால் ஈர்ப்பு முடுக்கம் 9-க்குப் பக்கத்தில் நிற்கும். அளவீட்டில் தவறு செய்துவிட்டோம் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள், அந்தக் குறைவுதான் காற்று. இந்த ஏழு ஃபிரேம் வித்தியாசத்தை முதல் தடவை திரையில் எண்ணிப் பார்த்தபோது எனக்கு உண்டான சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. கண்ணுக்கே தெரியாத ஒன்றை எண்ணிவிட்டோமே!

காற்றுத் தடை எதையெல்லாம் பொறுத்தது? காற்றின் அடர்த்தி, பொருளின் முகப்புப் பரப்பு, அதன் வடிவம், வேகத்தின் வர்க்கம். இந்த நான்கையும் பெருக்கிப் பாதியாக்கினால் தடையின் அளவு நியூட்டனில் (விசையை அளக்கும் அலகு) வரும். கடல் மட்டத்தில் காற்றின் அடர்த்தி கனமீட்டருக்குச் சுமார் 1.2 கிலோ. வடிவத்துக்கு இழுவைக் குணகம் என்று ஓர் எண் உண்டு: பந்துக்குச் சுமார் 0.5, காற்றுக்கு நேராக நிற்கும் தட்டைப் பலகைக்கு 1-க்குக் கொஞ்சம் மேல், மீன் உடம்பு மாதிரி ஒழுங்காகக் கூர்ந்த வடிவத்துக்கு 0.1-க்கும் கீழ். இந்தப் பட்டியலில் பொருளின் எடை எங்கும் இல்லை என்பதையும், வேகம் மட்டும் வர்க்கமாக வருகிறது என்பதையும் கவனியுங்கள். வேகம் இரட்டிப்பானால் தடை நான்கு மடங்கு.

அதனால் விழும் பொருளின் கதை எப்போதும் ஒரே மாதிரிதான் போகும். விட்ட கணத்தில் வேகம் இல்லை, தடையும் இல்லை, முழு 9.8. வேகம் ஏற ஏறத் தடை ஏறும், முடுக்கம் குறையும். ஒரு கட்டத்தில் தடையும் எடையும் சமமாகிவிடும். அதற்குமேல் வேகம் கூடாது, குறையவும் செய்யாது. அதற்குப் பெயர் முற்றுத் திசைவேகம். ஈர்ப்பு அங்கே நின்றுவிடுவதாகச் சிலர் நினைக்கிறார்கள். இல்லை, ஈர்ப்பு முழு பலத்தோடு இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது, காற்று அதே பலத்தோடு தாங்குகிறது.

எந்தப் பொருளாக இருந்தாலும் முதலில் அதன் முற்றுத் திசைவேகத்தைக் கண்டுபிடியுங்கள். எடையை இரண்டால் பெருக்கி, அடர்த்தி, குணகம், பரப்பு மூன்றின் பெருக்கத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் வந்துவிடும். டேபிள் டென்னிஸ் பந்தின் நிறை 2.7 கிராம், விட்டம் 4 சென்டிமீட்டர். நிறையைக் கிலோவாக்கி 9.8-ஆல் பெருக்கினால் எடை 0.0265 நியூட்டன், முகப்புப் பரப்பு 0.00126 சதுர மீட்டர். விடை வினாடிக்குச் சுமார் 8.4 மீட்டர். டென்னிஸ் பந்துக்கு இதே கணக்கு 23 சொல்லும். பெரிய மழைத்துளிக்கு 9, வயிற்றைக் கீழ்ப்பக்கம் வைத்துக் கைகால் விரித்து விழும் ஸ்கைடைவருக்குச் சுமார் 55, பாராசூட் விரிந்த பிறகு 5 அளவில். காற்றே இல்லாவிட்டால் ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் மழைத்துளி வினாடிக்கு 140 மீட்டரில், அதாவது மணிக்கு 500 கிலோமீட்டரில் வந்து தாக்கும். குடை எதற்குத் தாங்கும்?

இந்த ஓர் எண் கையில் இருந்தால் 'காற்றைக் கணக்கில் எடுக்கணுமா வேண்டாமா' என்ற கேள்விக்கும் உடனே பதில் கிடைக்கும். பொருளின் வேகத்தை முற்றுத் திசைவேகத்தால் வகுத்து வர்க்கம் எடுங்கள்; தடை எடையில் எத்தனை பங்கு என்று அது சொல்லும். பத்தில் ஒரு பங்கு வேகம் என்றால் தடை ஒரு சதவீதம், மறந்துவிடலாம். மூன்றில் ஒரு பங்கு என்றால் 11 சதவீதம், இனி யோசிக்க வேண்டும். நம் டேபிள் டென்னிஸ் பந்து 2 மீட்டர் விழுந்து தரையைத் தொடும்போது வினாடிக்கு 5.5 மீட்டரில் இருக்கும், தடை எடையில் கிட்டத்தட்டப் பாதி. டென்னிஸ் பந்து 6 சொச்சத்தில் இருக்கும், தடை ஏழெட்டு சதவீதம், அதுவும் கடைசிக் கணத்தில் மட்டும். ஒன்று ஏன் 9.8-ஐக் காட்டியது, மற்றது ஏன் காட்டவில்லை என்பது இப்போது புரியும். பாடப்புத்தகம் 'காற்றுத் தடையைப் புறக்கணிக்கவும்' என்று சொல்லும்போதெல்லாம் இந்த வகுத்தலைச் செய்து பாருங்கள், எங்கே நியாயம் எங்கே இல்லை என்று தெரிந்துவிடும்.

தாள் கூம்பு: வர்க்க விதியைக் கையால் பார்ப்பது

தாளில் 10 சென்டிமீட்டர் ஆரத்துக்கு ஒரு வட்டம் வரைந்து வெட்டுங்கள். விளிம்பிலிருந்து மையம் வரை ஒரே வெட்டு. வெட்டிய ஓரங்களை வட்டத்தின் ஆறில் ஒரு பங்கு அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி டேப் ஒட்டினால் ஒரு தட்டையான கூம்பு கிடைக்கும். இதே போல் ஐந்து வேண்டும், டேப் துண்டுகளும் ஒரே நீளமாக இருக்கட்டும் (தாள் அவ்வளவு லேசானது, டேப் எடைகூடக் கணக்கில் வரும்). மின்விசிறியை அணைத்து, ஜன்னலைச் சாத்தி, முனை கீழே பார்க்கும்படி ஒன்றை விடுங்கள். தாள் மாதிரி அலையாது, நேராக, அமைதியாக இறங்கும்.

நான்கு கூம்புகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினால் எடை நான்கு மடங்கு, முகப்புப் பரப்பும் வடிவமும் அப்படியே. தடை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பது உண்மையானால் நான்கு அடுக்கின் முற்றுத் திசைவேகம் சரியாக இரண்டு மடங்கு இருக்க வேண்டும். சுவரில் தரையிலிருந்து 1 மீட்டரில் ஒரு குறி வையுங்கள், கூம்பை 2 மீட்டரிலிருந்து விடுங்கள், கடைசி ஒரு மீட்டரைக் கடக்கும் ஃபிரேம்களை மட்டும் எண்ணுங்கள். ஒற்றைக் கூம்புக்கு வினாடிக்கு ஒன்றரை மீட்டர் அளவில் வரும், தாளின் கனத்தைப் பொறுத்து முன்பின் இருக்கும். நான்கு அடுக்குக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கு ஒரு நூலிழை குறைவாக வரும்.

ஏன் கடைசி மீட்டர் மட்டும் என்று கேட்கலாம். நான் முதலில் வேறு மாதிரிதான் செய்தேன்: ஒற்றையை 1 மீட்டரிலிருந்தும் நான்கடுக்கை 2 மீட்டரிலிருந்தும் ஒரே நேரத்தில் விட்டால் இரண்டும் ஒன்றாகத் தரையைத் தொட வேண்டும் அல்லவா? தொடவில்லை. ஒவ்வொரு தடவையும் நான்கடுக்கு கொஞ்சம் தாமதமாகவே வந்தது. புதிதாக வெட்டினேன், டேப்பை மாற்றினேன், ஆள் மாற்றி விடச் சொன்னேன், அதே தாமதம். கடைசியில்தான் புரிந்தது: எந்தப் பொருளும் விட்டவுடனே முற்றுத் திசைவேகத்துக்குப் போய்விடாது, அதை எட்ட ஒரு தூரம் வேண்டும், வேகமாக விழும் பொருளுக்கு அந்தத் தூரமும் கூடுதல். ஒற்றைக் கூம்புக்கு அரை மீட்டர் போதும். நான்கடுக்குக்கு அது கிட்டத்தட்ட 2 மீட்டர், அதாவது தரைக்கு வரும் நேரத்தில்தான் எட்டுகிறது. தாமதம் சுமார் பத்தில் ஒரு வினாடி, கணக்கோடு சரியாகப் பொருந்துகிறது.

தாளில் கணக்குப் போடுவது

கால்குலஸ் தெரியாமலே இதையெல்லாம் முன்கூட்டிச் சொல்ல முடியும். எக்செல்லிலோ ஒரு நோட்டுத் தாளிலோ இரண்டு பத்தி போடுங்கள்: வேகம், முடுக்கம். முடுக்கம் என்பது 9.8-ஐ, ஒன்றிலிருந்து மேலே சொன்ன பங்கை (வேகத்தை முற்றுத் திசைவேகத்தால் வகுத்து எடுத்த வர்க்கம்) கழித்த எண்ணால் பெருக்குவது. ஒவ்வொரு வரியிலும் அந்த முடுக்கத்தை வேகத்தோடு கூட்டி அடுத்த வரிக்குப் போங்கள், ஒரு வரி ஒரு வினாடி. ஸ்கைடைவருக்கு 55-ஐ வைத்துப் போட்டால் வேகம் 9.8, 19.3, 27.9, 35.2, 41, 45.3 என்று போய், பத்தாவது வினாடியில் 53 சொல்லும். துல்லியமான விடை 52. ஒரு வினாடிப் படியிலேயே இவ்வளவு பக்கத்தில் வருகிறது. அரை வினாடிப் படியாக்கி, முடுக்கத்தில் பாதியைக் கூட்டினால் இன்னும் நெருங்கும்.

காற்றின் அடர்த்தியையும் மாற்றிப் பார்க்க ஆசை இருந்தால் 2012 அக்டோபர் 14-ஐ நினைவில் வையுங்கள். ஃபெலிக்ஸ் பாம்கார்ட்னர் சுமார் 39 கிலோமீட்டர் உயரத்தில் பலூனிலிருந்து குதித்து மணிக்கு 1,357 கிலோமீட்டர் வேகத்தை எட்டினார், அதாவது ஒலியை மிஞ்சிய வேகம். அங்கே காற்று அவ்வளவு மெலிது. கீழே வரவரக் காற்று அடர்த்தியானதால், பாராசூட்டைத் திறக்கும் முன்பே அவர் வேகம் பெருமளவு குறைந்துவிட்டது. காற்றே இல்லாத இடம் என்றால் 1971 ஆகஸ்ட் 2: அப்பல்லோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலாவில் நின்று ஒரு சுத்தியலையும் வல்லூறின் இறகையும் கேமரா முன்னால் விட்டார், இரண்டும் ஒன்றாகத் தரையைத் தொட்டன. அங்கே ஈர்ப்பு பூமியில் இருப்பதில் ஆறில் ஒரு பங்குதான், அதனால் எல்லாமே நிதானமாக விழும், ஆனால் சேர்ந்து விழும்.

மேலேயும் பக்கத்திலும்

காற்றுத் தடை எப்போதும் மேல்நோக்கி இருக்கும் என்று நினைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. அது பொருள் போகும் திசைக்கு எதிராக இருக்கும், அவ்வளவே. பாராசூட் விரியும்போது ஆள் மேலே தூக்கப்படுவதுபோல வீடியோவில் தெரிவதும் இதைச் சேர்ந்த குழப்பம்: அவர் மேலே போகவில்லை, வேகம் குறைந்தது, படம் எடுப்பவர் மட்டும் பழைய வேகத்தில் கீழே போய்க்கொண்டிருக்கிறார்.

மேசை ஓரத்திலிருந்து ஒரு நாணயத்தை விரலால் வேகமாகச் சுண்டி, அதே கணத்தில் இன்னொன்றை லேசாகத் தள்ளிவிட்டால் இரண்டும் ஒன்றாகவே தரையில் விழும். பக்கவாட்டு வேகம் விழுவதை மாற்றுவதில்லை. நாணயத்துக்கு இந்த வேகத்தில் காற்று பொருட்டே இல்லை. பூப்பந்துக்கோ முற்றுத் திசைவேகம் வினாடிக்கு 7 மீட்டர்கூடக் கிடையாது. எவ்வளவு ஓங்கி அடித்தாலும் காற்று அதன் முன்னோக்கிய வேகத்தைச் சீக்கிரமே தின்றுவிடும், அதனால்தான் உயர அடித்த பூப்பந்து முன்பாதியில் சாய்வாக ஏறி, பின்பாதியில் கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக இறங்குகிறது. வெகுதூரம் எறிய 45 பாகைதான் சிறந்தது என்பதும் காற்று இல்லாத கணக்கு. காற்றில் அதைவிடத் தாழ்வாக எறிவதுதான் நல்லது.

கடைசியாக ஒன்று, கூரை உயரமான கூடம் கிடைத்தால் செய்யுங்கள். டேபிள் டென்னிஸ் பந்தை நேராக மேலே எறிந்து, ஸ்லோ மோஷனில் எடுத்து, ஏறிய ஃபிரேமையும் இறங்கிய ஃபிரேமையும் தனித்தனியாக எண்ணுங்கள். ஏறும்போது ஈர்ப்பும் காற்றும் சேர்ந்து கீழே தள்ளுகின்றன, இறங்கும்போது ஒன்றோடொன்று மோதுகின்றன. வினாடிக்கு 8.4 மீட்டரில் கிளம்பும் பந்து சுமார் 2.5 மீட்டர் ஏறும், ஏற 0.67 வினாடி, இறங்க 0.76 வினாடி. கைக்குத் திரும்பும்போது அதன் வேகம் 6-க்கும் கீழே.